கிட்லேப் சர்வரில் டிஸ்க் நிரம்பாமல் இருக்க
சொந்த சர்வரில் கிட்லேப் (கோடைச் சேமித்து, தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள், அட்மின் பகுதியில் செட்டிங்ஸ், அப்புறம் சிஐ/சிடி போய், ஆர்ட்டிஃபாக்ட் (அந்த ஓட்டங்கள் விட்டுச்செல்லும் கோப்புகள்) காலாவதியை 30 நாளிலிருந்து 7 நாளாகக் குறைத்துவிடுங்கள். யாரும் திறந்தே பார்க்காத பில்ட் ஜிப்புகளும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளும் சத்தமில்லாமல் டிஸ்கைத் தின்றுவிடும். கெடு முடிந்ததும் கிட்லேப்பே அவற்றை அழித்துவிடும். ஒவ்வொரு பிராஞ்சிலும் (கோடின் தனிக் கிளை) கடைசியாக வெற்றிகரமாக முடிந்த பைப்லைனின் (பில்ட், டெஸ்ட் போன்ற ஜாபுகளின், அதாவது வேலைகளின், தொடர்) கோப்புகளை மட்டும் வழக்கமாக விட்டுவைக்கும், அதனால் தைரியமாகக் குறைக்கலாம். 0 மட்டும் போட்டுவிடாதீர்கள், காலாவதியே கிடையாது என்று ஆகிவிடும்.

ஏற்கெனவே குவிந்துகிடப்பதை இது தொடாது, புதிதாக வருவதற்குத்தான். ஜாபுகளை வரையறுக்கும் யாமல் கோப்பில் (.gitlab-ci.yml) தனியாகக் கெடு எழுதிய ஜாபுகளுக்கும் பொருந்தாது. ஆடிட்டுக்காகப் பழைய பில்டுகள் தேவைப்பட்டால், அந்த ஜாபுக்கு மட்டும் நீண்ட கெடு எழுதிவிடுங்கள்.