ஊசியைச் சீக்கிரம் தூக்காதீர்கள்: ஜாஸ் பியானோ சாம்பிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் பியானோ கலைஞர் அகமது ஜமாலின் மூவர் குழு 1970-இல் பதிவுசெய்த ‘தி அவேக்கனிங்’ இசைத்தட்டில் ‘ஐ லவ் மியூசிக்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். தொடக்கத்தில் வெகுநேரம் பியானோ மட்டும் தாளக்கட்டின்றித் தன்போக்கில் அலையும். ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் பீட் ராக் சாம்பிளாக, அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டிப் புதுப் பாட்டில் பயன்படுத்தும் துண்டாக, எடுத்துக்கொண்டதோ பாதியைத் தாண்டி வரும் சில விநாடிகளை. ராப் பாடகர் நாஸ் 1994-இல் தந்த ‘தி வேர்ல்டு இஸ் யுவர்ஸ்’ அவற்றின் மேல்தான் நிற்கிறது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, இதில் எதுவும் தேறாது என்று பீட் ராக் ஊசியைத் தூக்கியிருந்தால் அந்தப் பாட்டே இல்லை. புதிதாகப் பழகுபவர்கள் பலர் இசைத்தட்டைப் புரட்டுகிறார்கள், கேட்பதில்லை. மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அடுத்தது, வெட்டும் இடம். சுத்தியல் கம்பியைத் தட்டும் கணத்தில்தான் பியானோவின் அடையாளம் இருக்கிறது. சற்றுத் தாமதமாக வெட்டினால் அந்தத் தட்டல் போய்விடும். மிஞ்சுவது ஆர்கன் போல மொழுக்கென்று ஒலிக்கும். முந்தி வெட்டினால் முன்னால் அடித்த சிம்பலின் வால் ஒட்டிக்கொண்டு வரும். லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் அந்தத் துண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அங்கே இடறும். முடிவும் அப்படித்தான். பெடலை மிதித்து வாசித்த கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மெல்லத் தேய்ந்து அடங்குவது. அதை நடுவில் நறுக்கினால் ‘டக்’ என்று ஓர் ஓசை எழும். அலைவடிவம் பூஜ்யக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டி, கடைசிச் சில மில்லி விநாடிகளைத் தேயவிடுங்கள். நான் திரையைப் பார்த்து வெட்டினாலும், கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சுற்றாவது கேட்பேன். எங்கே வெட்டினேன் என்று காது கண்டுபிடித்துவிட்டால் மறுபடி வெட்டுவேன்.

மூன்று பேர் ஒரே அறையில் வாசித்த இசை மூச்சுவிடும். வேகம் சற்றுக் கூடும், குறையும். அதைக் கணினியின் கட்டங்களுக்குள் இழுத்துப் பூட்டினால் உயிர் போய்விடும். பியானோவை அப்படியே விட்டு, டிரம்ஸை அதற்கேற்ப நகர்த்துங்கள். ஜமாலின் ‘ஸ்வாஹிலிலேண்ட்’ பதிவிலிருந்து 1996-இல் டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழுவுக்காக ‘ஸ்டேக்ஸ் இஸ் ஹை’ செய்த ஜே டில்லா, டிரம்ஸ் அடிகளை வேண்டுமென்றே முன்பின்னாக வைப்பதில் பேர்போனவர். அவர் சாம்பிள்களை வெட்டி அடுக்கப் பயன்படுத்திய எம்பிசி 3000 இயந்திரம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

சாம்பிளுக்குள் ஏற்கெனவே ஒரு பாஸ் வாத்தியம் ஒலிப்பதை மறந்து, மேலே இன்னொன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் மோதிக் கலங்கலாகிவிடும். ஒன்று, சாம்பிளின் கீழ்ப்பகுதியை வடிகட்டுங்கள். அல்லது இருக்கும் பாஸையே நம்புங்கள். இடது, வலது பக்கங்களைத் தனித்தனியே கேட்டும் பாருங்கள். பழைய ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பியானோ கிட்டத்தட்டத் தனியாகவே கிடைக்கும்.

சுருதியையும் சரிபாருங்கள். பழைய நாடாவும் இசைத்தட்டும் இன்றைய கீபோர்டோடு இம்மி பிசகாமல் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. கவனிக்காமல் மேலே வாசித்தால், சேராத தம்புராவோடு பாடியது போலத்தான் இருக்கும்.

பழமை தெரியட்டும் என்று செயற்கைக் கீறல் ஒலியை அள்ளிக் கொட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிள் இயந்திரத்தின் நினைவகம் மொத்தமே சுமார் பத்து விநாடி. இடத்தை மிச்சப்படுத்த நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு சுருதியை இறக்கினார்கள். அதனால் ஒலியில் வந்த சொரசொரப்பு நெருக்கடியில் பிறந்தது.

கடைசியாக உரிமை. நியூயார்க் நீதிமன்றம் 1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் பாட்டுக்குத் தடை விதித்தது, கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாடலிலிருந்து அனுமதியின்றிச் சாம்பிள் எடுத்ததற்காகத்தான். பதிவுக்கு ஓர் உரிமை, இயற்றிய இசைக்கு இன்னோர் உரிமை. ஜாஸில் வாசிப்பவர் வேறு, இயற்றியவர் வேறாக இருப்பது சகஜம் என்பதால் இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். அதே ‘தி அவேக்கனிங்’ தட்டில் ஜமால் வாசித்த ‘டால்பின் டான்ஸ்’ ஹெர்பி ஹான்காக் இயற்றியது. ‘வேவ்’ அன்டோனியோ கார்லோஸ் ஜோபிம் இயற்றியது. அவற்றில் நான்கு விநாடி எடுத்தாலும், இசைத்தட்டு நிறுவனத்தின் அனுமதியோடு இயற்றியவர் தரப்பின் அனுமதியையும் கேட்டுப் பெறுங்கள்.