4294967297: பெரிய எண்ணை ஆராயும்போது எங்கே சறுக்குகிறோம்?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பெரிய எண்ணின் குணங்களை ஆராயப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது. 2³² உடன் 1 கூட்டினால் வருவது இது.

எழுதும்போதே தவறு தொடங்கிவிடும். கடைசி இலக்கம் 6 ஆகிவிட்டால், 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லாத எண். 5 ஆகிவிட்டால் 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கி வருவது. அடுத்தடுத்த எண்கள்தான், ஆனால் குணம் முற்றிலும் வேறு. எழுதியதும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இலக்கங்களைக் கூட்டினால் 59. அது பகா எண், ஆகவே இதுவும் பகா எண் என்று முடிவுகட்டாதீர்கள். 25-க்கும் இலக்கங்களைக் கூட்டினால் 7 வருகிறதே! அந்தக் கூட்டல் 3, 9 ஆகியவற்றால் வகுத்தால் வரும் மீதியைச் சொல்லும், அவ்வளவுதான். 11-க்கான சோதனையில் இலக்கங்களை மாறிமாறிக் கூட்டிக் கழிப்பதை வலக்கோடியிலிருந்து தொடங்குங்கள்: −17 வரும், அதனுடன் 22 கூட்டினால் மீதி 5. இடமிருந்து தொடங்கினால் 17, மீதி 6 என்று தப்பாகிவிடும். வகுபடுமா என்று மட்டும் பார்க்க எந்தப் பக்கமும் சரிதான்.

பெரிய தவறு, பாதியில் நிறுத்துவது. 2, 3, 5, 7 என்று நூறு வரை வகுத்துப் பார்த்துவிட்டு ‘பகா எண்’ என்று எழுதிவிடுகிறோம். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது இந்த எண்தான். முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால், 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இதையும் அப்படியே நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் இது 641-ஆல் வகுபடுவதைக் காட்டினார். 641 என்பது 116-ஆவது பகா எண். அதுவரை பொறுமை வேண்டும். காரணியே கிடைக்காவிட்டால் வர்க்கமூலமான 65536 வரை போயாக வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வகுப்பதும் வீண் உழைப்பு. இந்த எண்ணின் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது!

சரிபார்க்க நீண்ட வகுத்தல்கூட வேண்டாம். 5×2⁷ = 640, 641-க்கு ஒன்று குறைவு; மீதிக் கணக்கில் அது −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴×2²⁸-இன் மீதி 1. 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 ஆகிறது. அப்படியானால் 2³²+1-க்கு மீதி 0. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத வரிகள் இவை.

ஒரு காரணி கிடைத்ததோடு வேலை முடியவில்லை. ஈவு 6700417-ஐயும் சோதிக்க வேண்டும். இப்போது 2588 வரை பார்த்தால் போதும். அது பகா எண். வகுத்திகளை எண்ணும்போது 1-ஐயும் அந்த எண்ணையும் விட்டுவிடாதீர்கள்: மொத்தம் நான்கு, கூட்டுத்தொகை 4301668356.

65536² + 1² என்று இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிவதைப் பகா எண்ணுக்கு அடையாளமாகக் கொள்வதும் தவறே. இதையே 62264² + 20449² என்றும் எழுதலாம். இப்படி இரண்டு வழி கிடைத்தாலே அது பகா எண் அல்ல.