செயினைப் பார்த்தது போதும், பாரையும் பாருங்கள்

செயின்சா நேராக அறுக்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் நம் கை முதலில் போவது செயினுக்குத்தான். பல்லை ராவுவோம், சரிவரவில்லை என்றால் புதுச் செயின் மாட்டுவோம். நானும் அப்படி இரண்டு செயின் மாற்றியவன். அடிமரத்தில் இறக்கினால் வெட்டு பிறை மாதிரி வளையும், பாதியில் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) சிக்கிக்கொள்ளும். கடைசியில் பாரைக் கழற்றி, சமமான மேசையில் விளிம்பு கீழே இருக்க நிறுத்தி, பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்தபோதுதான் குட்டு உடைந்தது. பார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. செயின் ஓடும் பள்ளத்தின் இரு கரையில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருந்தது. பழி சுமந்த அந்தச் செயின்கள் இன்றும் நன்றாகவே அறுக்கின்றன.

பாரைத் திருப்பிப் போடாததுதான் முதல் தவறு. பெரும்பாலும் பாரின் அடிப்பக்கத்தால்தான் அறுக்கிறோம், அதனால் அந்தப் பக்கம்தான் அதிகம் தேயும். செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரை மேல்கீழாகத் திருப்பி மாட்டினால் தேய்மானம் இரண்டு பக்கமும் பங்காகும். மேலே அச்சடித்த பெயர் தலைகீழாகத் தெரிகிறதே என்று மறுபடி ‘சரியாக’ மாட்டி வைப்பவர்கள் உண்டு. பெயர் எப்படி நின்றால் என்ன? ஆயில் துளை இரண்டு பக்கமும் இருப்பதே திருப்பிப் போடுவதற்காகத்தான்.

அந்தத் துளை அடைத்துக்கொள்வது அடுத்த தொல்லை. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து பள்ளத்துக்குள் களிமண் போல இறுகிவிடும். காற்றடித்தால் மட்டும் அது போகாது. இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி (பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை எடுத்துவிட்டு), கையுறையோடு பாரைக் கழற்றி, மெல்லிய தகட்டால் பள்ளத்தை நீளவாக்கில் சுரண்டுங்கள். துளையைக் கம்பியால் குத்தி எடுத்தபின் காற்றடிக்கலாம். மாட்டியதும் முனையை வெளிர்நிற அட்டைக்கு நேராக, அதில் படாமல் பிடித்து வேகமாக ஓட்டினால் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். பெட்ரோல் டேங்க் தீர்ந்த பிறகும் ஆயில் டேங்க் முக்கால்வாசி நிரம்பியே இருந்தால் எங்கோ அடைப்பு.

பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். பார் ஆயில் செயினில் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்புள்ளது. இன்ஜின் ஆயில் முனை திரும்பும் இடத்திலேயே தெறித்துப் போய்விடும். போதாததற்கு அதில் இரும்புத் துகளும் கிடக்கும், தோலுக்கும் மண்ணுக்கும் கெடுதல்.

கரையின் வெளிப்பக்கம் விரலை வைத்தால் ரம்பம் மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். (கையுறை போட்டே தடவுங்கள், பிளேடு போலக் கிழிக்கும்.) தட்டையான அரத்தைச் சாய்வாகப் பிடித்து இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். கரைகளின் உயரத்தைச் சமப்படுத்துவதுதான் நுட்பமான வேலை. வெறும் கையால் அரம் போட்டால் கை ஆடி, கரையின் தலை உருண்டுவிடும், கோணல் இன்னும் கூடும். சதுரமான கட்டையில் அரத்தைச் செங்குத்தாகப் பொருத்தி, கட்டை பாரின் பக்கவாட்டில் ஒட்டியபடி நகர, நுனியிலிருந்து வால் (இன்ஜின் பக்க முனை) வரை ஒரே சீராக இழுங்கள். இரண்டு கரையிலும் புதுப் பளபளப்பு விழும்வரை போதும்.

கரைகள் விரிந்துவிட்டதா என்று பார்க்க, இரும்பு ஸ்கேலைச் செயின் பல்லின் பக்கத்திலும் பாரின் உடம்பிலும் சேர்த்து வையுங்கள். ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் படுத்தால் செயின் சாய்ந்து ஓடுகிறது. சிலர் சுத்தியலால் தட்டிக் கரையை நெருக்குவார்கள். கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன், பாரின் வாலில் பொறித்திருக்கும் பள்ள அகலத்தின் அளவைப் படியுங்கள். 1.5 மி.மீ. பள்ளத்தில் 1.3 மி.மீ. செயின் மாட்டியிருந்தால் புதுப் பாரிலும் அது ஆடத்தான் செய்யும்.

செயினை இறுக்கும்போது பாரின் முனையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டை முடுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால், அறுத்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் ஆறும்போது செயின் சுருங்கி பாரையும் இன்ஜின் தண்டையும் இழுத்துப் பிடிக்கும். முனைச் சக்கரத்தில் கிரீஸ் துளை இருந்து ஒருமுறை கிரீஸ் அடித்துப் பழக்கிவிட்டால் தொடர்ந்து அடியுங்கள். துளையே இல்லாத பாருக்குச் செயின் ஆயிலே போதும், துளை போட முயலாதீர்கள்.

எல்லாப் பாரையும் காப்பாற்ற முடியாது. கரையில் நீலம் பாரித்த திட்டு தெரிந்தால் இரும்பு சூட்டில் பதம் இழந்திருக்கிறது, அந்த இடம் சீக்கிரம் தேயும். கரை சில்லுப் பெயர்ந்திருந்தாலோ, முனைச் சக்கரம் பக்கவாட்டில் லொடலொடத்தாலோ அரத்துக்கு அங்கே வேலையில்லை. செயினைப் பள்ளத்தில் வைத்து அழுத்துங்கள். டிரைவ் லிங்க்கின் (செயினில் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணி) நுனி பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால், ராவ ராவ ஆழம் இன்னும் குறையும். அந்தப் பாரைப் பழைய இரும்போடு சேர்த்துவிடுங்கள்.