வீட்டு அடுப்பு, மெஸ் இலை, புதிய பண்டம்: காரைக்குடியில் ஒரு திட்டம்

வாரத்தில் ஒரு வேளையை வெளிச் சாப்பாட்டுக்கும், மாதத்தில் ஒரு நாளைப் பழகாத பண்டத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றதை வீட்டிலேயே சமைப்பது நல்லது. அரிசி களைந்த கழுநீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி இருந்தால் அன்றாடம் எளிதாகிவிடும். மெஸ்ஸில் இலை போட்டு அமரும்போது, கல்பாசியும் மராத்தி மொக்கும் மணக்கும் நண்டு மசாலாபோல் வீட்டில் நேரம் பிடிப்பதையே கேளுங்கள்; சாம்பாருக்காக அங்கே போக வேண்டியதில்லை.

புதியதற்கு என் தேர்வு கவுனி அரிசி. பர்மாவிலிருந்து நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினர் கொண்டுவந்த இந்தக் கறுப்பரிசியை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரிலேயே குழைய வேகவிட்டு, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கிளறினால், மணிகள் வெடித்துக் கருஊதா நிறத்தில் மினுமினுக்கும். முதல்முறை இரண்டு கரண்டி போதும். குழந்தை முகம் சுளித்தால் வற்புறுத்தாமல், அடுத்த மாதம் மீண்டும் பரிமாறுங்கள்.