ஆணையத்தில் யார் யார் இருக்கிறார்கள்? ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலம் கணக்கெடுப்பது எப்படி

ஓர் அரசு ஆணையத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் உரிய இடம் தரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, முதலில் அந்த ஆணையத்தை அமைத்த சட்டத்தைப் புரட்டுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டப்படி, மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் தலைவர் தவிர 6 உறுப்பினர்கள். அவர்களில் 2 பேராவது பெண்கள். தேசிய மகளிர் ஆணையத்தின் 5 உறுப்பினர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தலா ஒருவராவது வேண்டும். இந்த அளவுகோல் கையில் இல்லாமல் மனு போட்டால், வரும் பதிலை எதோடு ஒப்பிடுவது?

இணையதளப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். பதவிக்காலம் முடிந்தவர் பெயரும் அதில் கிடக்கும். அந்த ஆணையத்தில் ஆர்டிஐ மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலும் செல்லும். ஒரு தேதியைக் குறிப்பிட்டு, “அன்றைய நிலவரப்படி அனுமதிக்கப்பட்ட இடங்கள், நிரப்பப்பட்டவை, காலியானவை, பெண்கள் எண்ணிக்கை, நியமன அரசாணைகளின் நகல்” என்று கேளுங்கள்.

“ஏன் பெண்களை நியமிக்கவில்லை?” என்று கேட்டால் மனு அங்கேயே படுத்துவிடும். ஆவணத்தில் இருப்பதைத்தான் தகவல் அலுவலர் தர முடியும்; விளக்கம் சொல்லும் கடமை அவருக்கில்லை. பெயர்வாரியாகச் சாதி கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும் கேளுங்கள்.

வந்த எண்ணிக்கையைக் கூட்டும்போது பதவிவழி உறுப்பினர்களை, அதாவது வகிக்கும் அரசுப் பதவியால் தானாகவே உறுப்பினர் ஆனவர்களை, தனியே எழுதுங்கள். 12 பேர் வாரியத்தில் 7 பேர் துறைச் செயலர்கள் என்றால், அரசு தேர்ந்தெடுத்து நியமித்தது 5 பேரைத்தான். விகிதத்தை அந்த 5-இல் பாருங்கள். காலியிடத்தையும் மறைக்காதீர்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.