சொந்தமாகக் கட்டும் விமானத்தில் புகைக்குழாயும் த்ராட்டிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக விமானம் கட்டத் தொடங்கியவர்களின் எஞ்சின் பகுதியைப் பார்க்கும்போதெல்லாம், என் முதல் விமானத்தில் நான் செய்த பிழைகளையே மீண்டும் காண்கிறேன். நட்டை முறுக்க மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

புகைக்குழாயைத் தாங்கிச் சட்டத்தோடு இறுக்குவது

இதைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருப்பதால், கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் அது உதறுவது கண்ணுக்கே தெரியும். அதைத் தாங்கும் சட்டமோ அசைவதில்லை. குழாயின் ஒரு முனையைச் சிலிண்டரிலும் மறுமுனையைச் சட்டத்திலும் பிணைத்துவிட்டால், ஒவ்வோர் உதறலும் வெல்டிங்கின் ஓரத்தைத்தான் தாக்கும். போதாததற்கு, அரை மீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமார் 5 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த நீட்சிக்கும் இடம் வேண்டும்.

குழாய் ஆடுகிறதே என்று அஞ்சி, அதன் கடைசிப் பகுதியை ஒரு கிளாம்பால் சட்டத்தோடு இறுக்கினேன். சில வாரங்களில், எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடி கனக்கத் தொடங்கியது. கேபிளுக்கு எண்ணெய் விட்டேன், உராய்வுத் திருகைத் தளர்த்தினேன், பயனில்லை. எஞ்சின் மூடியைக் கழற்றியபோதுதான், குழாயைச் சிலிண்டரோடு பிணைக்கும் ஃபிளாஞ்சுக்குச் சற்றுக் கீழே முடியிழை போன்ற ஒரு விரிசலும், அதிலிருந்து விசிறியாகப் படர்ந்திருந்த சாம்பல் நிறப் பொடியும் தெரிந்தன. அதற்கு நேரெதிரே சென்ற கேபிளின் உறை உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. அந்த விரிசல், விமானி அறைக்கான காற்றைச் சூடாக்கக் குழாயைச் சுற்றி அமைக்கும் ஹீட்டர் உறைக்குள் விழுந்திருந்தால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு விமானி அறைக்குள் வந்திருக்கும்.

ஆகவே குழாயின் பாரத்தை எஞ்சினிலேயே தொங்கவிடுங்கள். நடுவில் பந்துபோல் திரும்பும் பால் ஜாயின்ட்டோ, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் ஸ்லிப் ஜாயின்ட்டோ வைத்து, அது அசையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். எஞ்சின் ஆறியபின் வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைக் குழாயில் பொருத்தி, வெல்டிங் நெடுகச் சோப்பு நீரைத் தடவினால், குமிழி எழும் இடத்தில் விரிசல் இருக்கிறது. மூட்டுகளில் சிறிது கசிவது இயல்பு. குழாயின் உடலில் கசியக் கூடாது.

கேபிள் உறையை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில்) மட்டும் பிடிப்பது

உறையின் முனையைக் கார்புரேட்டரோடு சேர்ந்து அசையும் பிராக்கெட்டில் பிடிக்க வேண்டும். இல்லையெனில் எஞ்சின் அசையும்போதெல்லாம், விமானி தொடாமலே த்ராட்டில் திரும்பும். மேலும், கைப்பிடி பேனலில் முட்டுவதற்கு முன்பே கார்புரேட்டரின் நெம்புகோல் தன் எல்லைத் திருகைத் தொட்டுவிட வேண்டும். பேனலில் சில மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சினால்தான் முழுத் திறப்பு கிடைத்திருக்கிறது என்று பொருள்.

ராட் எண்டுக்குப் பெரிய வாஷர் போடாதது

போடுங்கள். ராட் எண்டு என்பது கேபிளை நெம்புகோலோடு இணைக்கும் பந்து மூட்டு. வாஷர் இருந்தால், உள்ளிருக்கும் பந்து கழன்றாலும் இணைப்பு விலகாது.

குழாயில் பென்சிலால் குறியிடுவது

வேண்டாம். சூட்டில் அந்தக் கரி எஃகுக்குள் ஏறி, கோடு போட்ட இடத்திலேயே விரிசல் விடும்.