பிரிஜ்ஜுக்குப் பின்னால ஒருக்கா கைய வைச்சுப் பாருங்கோ

சித்திரை வெயிலுக்கு கிளிநொச்சிப் பக்கம் தகரக் கூரை வீட்டுக்குள்ள பிரிஜ் ஓயாம ஓடிக்கொண்டே இருக்கும், ஆனா பால் புளிச்சுப் போயிருக்கும், உடன காஸ் போட்டுதெண்டு திருத்துறவருக்கு கோல் எடுக்கிறம். அதுக்கு முதல் இதச் செய்து பாருங்கோ.

முதல்ல உள்ளங்கையில கொஞ்சம் சனிற்றைசர் விட்டு ஊதுங்கோ. சில்லெண்டுதா? அது காயேக்க கையில இருந்த சூட்டையும் கொண்டு போகுது. அம்மம்மா வீட்டு முட்டித் தண்ணி குளிருறதும் இதே கணக்குத்தான். என்ன, முட்டியில கசியிற தண்ணி சோளகக் காத்தோட போயிடும், பிரிஜ்ஜில அதே காஸ் திரும்பத் திரும்பச் சுத்தும்.

ரெண்டாவது, பிரிஜ்ஜின்ர பின்பக்கம் கைய வையுங்கோ, புது மொடல் எண்டா ரெண்டு பக்கச் சுவரிலயும். சுடும். உங்கட மீனிலயும் தண்ணிப் போத்திலிலயும் இருந்த சூடும் அதுக்குள்ள இருக்கு. கீழ கறுப்பா உருண்டையா இருக்கிற கொம்பிரசர் காஸ அமத்திச் சூடாக்கி அனுப்ப, அது நீட்டுக் குழாய்க்குள்ளால போகேக்க சூட்ட வெளிய விட்டு திரவமாகும், பேந்து நூல் மாதிரி மெல்லிய குழாயால உள்ளுக்குப் போய் அமுக்கம் குறைஞ்ச உடன கொதிக்கும். ஓம், கொதிக்கும்! இப்ப கன பிரிஜ்ஜில இருக்கிற ஆர் 600ஏ காஸ் சாதாரண காத்தமுக்கத்தில மைனஸ் 12 பாகையிலயே கொதிக்கிற சாமான், அதுக்குத் தேவையான சூட்ட உங்கட சாப்பாட்டில இருந்துதான் உறிஞ்சும். நெருப்பும் பிடிக்கும், அதால குழாய் ஓட்டையாகிற மாதிரி ஐஸ கத்தியால கிண்டாதேங்கோ (எங்கட மாமி கிண்டினவ, பேந்து புது பிரிஜ்தான்).

இப்ப விளங்கும், சுவரோட ஒட்டி வைச்சா அந்தச் சூடு எங்க போறது? நாலு விரல் அளவாவது இழுத்து விடுங்கோ. பிளக்கக் கழட்டிப்போட்டு பின்னால தூசியத் தட்டுங்கோ, எங்கட செம்மண் ரோட்டுக்கு மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் வேணும்.

கதவு றப்பருக்கு ஒரு தாள வைச்சுப் பூட்டி இழுங்கோ, சும்மா வழுகி வந்தா றப்பர் மாத்தோணும்.

கடைசியா, ஒரு கப் தண்ணிக்குள்ள தெர்மோமீற்றர் போட்டு இரவு உள்ள வைச்சிட்டு விடியப் பாருங்கோ, 4 பாகைக்கு மேல நிக்கக்கூடாது. ஃபிரீசர் மைனஸ் 18. கரண்ட் போனா கதவத் திறக்காதேங்கோ, பிரிஜ்ஜுக்குள்ள குளிர் 4 மணித்தியாலம் தாங்கும். முல்லைத்தீவு மீன் மலிவா வந்த நாளில ஒரே பையில திணிக்காம சின்னச் சின்னப் பையா, தட்டையாப் பரப்பி வையுங்கோ, நடுவில இருக்கிறதும் கெதியாக் குளிரும்.